பாஸா, சீட்டா? – மலைப் பயணத்துக்கு ஒரு குடும்பக் கணக்கு



தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பம், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான்கு நாள் மலைக்குப் போய்வர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல எண்ணம்தான். ஆனால் திரும்பி வந்த மறுவாரமே வீட்டில் வாய்த்தகராறு தொடங்கிவிடுகிறது. கடைக்கணக்கு ஏறிவிட்டது, கூட்டுப்பணம் கட்ட முடியவில்லை, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. இப்படி முடிகின்ற விடுமுறையைப் பிள்ளைகள் மகிழ்ச்சியாகவா நினைத்துப் பார்ப்பார்கள்? மலைக்காற்று மறந்துபோகும், சண்டைதான் நினைவில் நிற்கும்.

பணம் எங்கே கூடுதலாகப் போயிற்று என்று நிதானமாகப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு இடங்கள் அகப்படும். ஒன்று தங்கும் இடம். மற்றொன்று பயணச் செலவு. இன்றைய பேச்சில் நாம் பயணச் செலவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலும், ரயில் பாஸ் எடுப்பதா, சாதாரணச் சீட்டு எடுப்பதா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலும் போதும். அதற்கு மேல் ஒரு கணக்கும் இதில் இல்லை.

முதலில் பாஸ் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சீட்டு வாங்கும்போது நாம் தூரத்தை வாங்குகிறோம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரை, ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் வரை என்று, போகின்ற தூரத்துக்குக் காசு. பாஸ் வாங்கும்போது நாம் நாளை வாங்குகிறோம். மூன்று நாள், ஏழு நாள், முப்பது நாள் என்று, அந்த நாட்களுக்குக் காசு. அந்த நாட்களில் நாம் வண்டியில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கொடுத்த காசு கொடுத்ததுதான். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். மலைக்குப் போகின்ற குடும்பம் அங்கே என்ன செய்யும்? முதல் நாள் போய்ச் சேரும். அடுத்த இரண்டு நாளும் குளிரில் போர்த்திக்கொண்டு நடக்கும், பூந்தோட்டம் பார்க்கும், சூடாகத் தேநீர் குடிக்கும், பாட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி நாள் திரும்பும். நான்கு நாளில் இரண்டு நாள்தான் ரயில். நடுவிலுள்ள நாட்களுக்கும் சேர்த்து ரயிலுக்குக் காசு கட்டுவது சரியா? இதுதான் இன்றைய பேச்சின் முழுப்பொருளும்.

இதைச் சொல்வதற்கு முன், ரயில் நமக்கு அந்நியமான ஒன்று இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இந்த நாட்டின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரம். அந்தப் பாதையைப் போட்டவர்களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் படையினர் இருந்தனர். மறு ஆண்டே, 1886இல், கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. பின்னர் நாடெங்கும் பாதை நீண்டபோது கட்டை சுமந்தவர்களும் கல் உடைத்தவர்களும் தண்டவாளத்தைக் காத்து நின்றவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள்தாம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே செங்கல் சூளைகளாலும் ரயில் ஊழியர் குடியிருப்புகளாலும் வளர்ந்த இடம். ரயில் பெட்டிகளைப் பிரித்து இணைக்கின்ற பெரிய யார்டு முன்பு இருந்த நிலத்தில்தான் 2001ஆம் ஆண்டு கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று நாம் வடக்கே போகும் வண்டியைப் பிடிக்கின்ற இடம் அதுவே.

ஆனால் மலை? மலைமேல் குளுகுளு என்று கட்டப்பட்ட பங்களாக்கள் அந்தக் காலத்தில் துரைமாருக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் உரியவை. வெயிலில் நின்றவர்கள் நாம். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் அவர்கள். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி இன்று பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மலையேறுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஆகவேதான் அந்தப் பயணம் கடனில் முடியக்கூடாது என்று சொல்கிறேன்.

சரி, பாஸ்களில் எத்தனை வகை என்று பார்ப்போம். பொதுவாக இரண்டு வகை உண்டு.

முதல் வகை, தினமும் வேலைக்குப் போய்வருபவர்களுக்கான பாஸ். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் மை50 என்று ஒன்று இருப்பதை உங்கள் வீட்டு இளையவர்கள் அறிந்திருப்பார்கள். 50 வெள்ளி கொடுத்தால் 30 நாளுக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து ஆகியவற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். மலேசியக் குடிமக்களுக்கு உரியது. நல்ல திட்டம். யாருக்கு நல்லது? கணக்குப் போடுவோம். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஒரு தடவை போக 3 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போக 3, வர 3, ஒரு நாளைக்கு 6 வெள்ளி. 50ஐ 6ஆல் வகுத்தால் எட்டு நாள் போக மீதி 2 வரும். அதாவது ஒன்பதாவது நாள் வேலைக்குப் போகும்போது பாஸின் விலை ஈடாகிவிடும். அதற்குப் பிறகு போவதெல்லாம் லாபம். மாதம் 24 நாள் வேலை என்றால் அவனுக்கு அது கட்டாயம் வேண்டிய பாஸ். ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்க இரண்டு நாள் கோலாலம்பூருக்கு வருகின்ற அம்மாவுக்கு அதே பாஸ் நட்டம். ஒரே பாஸ்தான்; ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நட்டம். பாஸ் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மை50 பாஸ் கேடிஎம் கொமியூட்டர் வண்டிக்குச் செல்லாது. கிள்ளான் நிலையத்தில் நாம் ஏறுவது கொமியூட்டர். வடக்கே போவது ஈடிஎஸ் என்னும் மின்ரயில். அதற்கும் செல்லாது. பினாங்குப் பேருந்துக்கும் செல்லாது. கையில் பாஸ் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டு, வாயிற்கதவு திறக்காமல் நிற்கக்கூடாது. எந்தப் பாஸாக இருந்தாலும், எந்தெந்த வண்டிக்குச் செல்லும் என்பதை அதன் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்கவேண்டும்.

இரண்டாவது வகை, சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ். ஒரு நாட்டை ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டாருக்காகப் பல நாடுகள் இதை விற்கின்றன. வெளிநாடு போகும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் இப்போது வருகிறது. தமிழ்நாட்டில் சொந்த ஊரைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. ஆகவே இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இங்கே முதல் எச்சரிக்கை, பழைய செய்தியை நம்பக்கூடாது என்பது. இந்தியாவில் வெளிநாட்டவருக்கென்று இண்ட்ரெயில் பாஸ் என ஒன்று இருந்தது. நம் மாமா, சித்தப்பா தலைமுறையினர் அதைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். அது 2017ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டுவிட்டது. ஜப்பானில் சுற்றுப்பயணிகளுக்கான ரயில் பாஸ் மலிவுக்குப் பெயர் பெற்றது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் ஏழு நாள் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. முன்பு அதை வாங்கி லாபம் அடைந்தவர் சொன்ன அறிவுரை, அந்த மாதத்தோடு பொய்யாகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை; விலைதான் மாறிவிட்டது. ஆகவே பிறர் சொன்ன பாஸை வாங்காதீர்கள்; பிறர் சொன்ன கணக்கை, இன்றைய விலையில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது நம் குடும்பக் கணக்குக்கு வருவோம். ஐந்து பேர். பாட்டி, அப்பா, அம்மா, பதினைந்து வயது மகள், பத்து வயது மகன். கேரித் தீவுப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். போகுமிடம் பினாங்குக் கொடிமலை. தாளில் ஒவ்வொரு பயணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். தோட்டத்திலிருந்து கிள்ளான் நிலையம் வரை வேன், ஒன்று. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரல் வரை கொமியூட்டர், இரண்டு. அங்கிருந்து பட்டர்வொர்த் வரை ஈடிஎஸ், மூன்று. சுமார் நான்கு மணி நேர ஓட்டம். பட்டர்வொர்த் நிலையத்தை ஒட்டியே பெர்ரித் துறை. தீவுக்குப் பெர்ரி, நான்கு. ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் வழியாக மலையடிவாரம் வரை 204ஆம் எண் பேருந்து, ஐந்து. மலை ரயில், ஆறு. திரும்பி வர இன்னோர் ஆறு. ஆக, பன்னிரண்டு வரிகள்.

அந்தப் பன்னிரண்டில் நீண்டதூர ரயில் எத்தனை வரி? இரண்டே இரண்டு. போக ஒன்று, வர ஒன்று. எந்த நீண்டதூர ரயில் பாஸாக இருந்தாலும் அந்த இரண்டு வரியில்தான் அது தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்கவேண்டும். முடியுமா என்று பார்ப்போம்.

கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். இவை உண்மைக் கட்டணங்கள் என்று எண்ணவேண்டாம். உண்மைக் கட்டணம் வண்டியைப் பொறுத்தும் நாளைப் பொறுத்தும் மாறும். பெரியவருக்கு ஒரு வழிச் சீட்டு 60 வெள்ளி, பாட்டிக்கும் பத்து வயது மகனுக்கும் பாதி விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, மகள் மூவருக்கும் 180. பாட்டிக்கு 30, மகனுக்கு 30. ஆக 240 வெள்ளி. போகவும் வரவும் 480 வெள்ளி.

இனி, ஐந்து நாள் பாஸ் ஒன்று தலைக்கு 200 வெள்ளி, பாட்டிக்கும் மகனுக்கும் பாதி என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கு 600, இருவருக்கு 200. ஆக 800 வெள்ளி. சீட்டு எடுத்தால் 480; பாஸ் எடுத்தால் 800. வேறுபாடு 320 வெள்ளி. அந்தப் பணம் இருந்தால் ஐந்து பேரும் மலைமேல் நன்றாகச் சாப்பிடலாம். மீதியைப் பள்ளி திறக்கும்போது சப்பாத்து வாங்க வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை பயணத்தில் அந்தப் பாஸ் ஈடாகும்? 200ஐ 60ஆல் வகுங்கள். மூன்று முறை போக மீதி 20. அதாவது நான்காவது நீண்ட பயணத்தில்தான் பாஸ் லாபத்துக்கு வரும். பாஸ் விலையை ஒரு பயணத்தின் கட்டணத்தால் வகுக்கவேண்டும். வருகின்ற எண்ணைவிட நம் பயணங்கள் கூடுதலாக இருந்தால் பாஸ், குறைவாக இருந்தால் சீட்டு. இந்த ஒரு வரியைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். ஈப்போவில் ஒரு நாள், தைப்பிங்கில் ஒரு நாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனால் பயணங்களின் எண்ணிக்கை கூடுமே, அப்போது பாஸ் லாபம் அல்லவா என்று. நல்ல கேள்வி. ஆனால் வழியில் இறங்கி ஏறுவதால் தூரம் கூடுவதில்லை. கோலாலம்பூர்–ஈப்போ ஒரு சீட்டு, ஈப்போ–தைப்பிங் ஒரு சீட்டு, தைப்பிங்–பட்டர்வொர்த் ஒரு சீட்டு என்று துண்டு துண்டாக எடுத்தால், ஒவ்வொரு துண்டும் முழுச்சீட்டைவிட மலிவாகவே இருக்கும். ஆகவே இப்படிப் போகிறவர்கள் எத்தனை முறை ஏறினோம் என்று எண்ணாமல், துண்டுச் சீட்டுகளின் விலையைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைப் பாஸின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்து, மிகவும் முக்கியமான ஒன்று. மலையடிவாரம் வரை கொண்டுபோகும் ரயில் வேறு, மலைமேல் ஏற்றும் ரயில் வேறு. பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் முதலாளி வேறு, சீட்டும் வேறு.

கொடிமலை ரயிலையே பாருங்கள். அதை அமைக்க முதலில் செய்த முயற்சி பலிக்கவில்லை. பின்னர் சுவிட்சர்லாந்து மலை ரயில்களைப் பார்த்துப் படித்துவந்து, 1923ஆம் ஆண்டு அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கம்பிவடத்தில் கட்டி இழுக்கும் வண்டி. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். கிணற்றில் இரட்டை வாளி ஏறி இறங்குவதைப் போல ஒன்றின் எடை மற்றொன்றுக்குத் துணை. முன்பு நடுவழியில் இறங்கி வேறு வண்டிக்கு மாறவேண்டும். மேலே போக அரைமணி நேரம் ஆகும். 2010இல் அதை மூடிப் புதுப்பித்து, 2011இல் ஒரே ஓட்டமாக மேலே போகும் புதிய வண்டிகளை விட்டார்கள். இப்போது சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். இதற்குக் கேடிஎம் சீட்டும் செல்லாது, எந்த நகரப் பாஸும் செல்லாது. தனிச்சீட்டுதான். மலேசியருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குக் கூடுதல் விலை. வரிசையில் நிற்காமல் போகும் விரைவுச் சீட்டு ஒன்றும் உண்டு. அது சாதாரணச் சீட்டைவிடப் பலமடங்கு. விடுமுறை நாளில் காலையில் முதல் வண்டிகளுக்கே போய்விட்டால் அந்த விரைவுச் சீட்டுக்குத் தேவையே இராது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் எழுவது புதிதா என்ன? பராமரிப்புக்காக அந்த ரயிலை ஆண்டில் சில நாள் நிறுத்துவதும் உண்டு. தேதி குறிக்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரயில் பாஸுக்கே பேர்போன நாடு சுவிட்சர்லாந்து. அங்கே 3 நாள், 4 நாள், 6 நாள், 8 நாள், 15 நாள் என்று பாஸ்கள் உண்டு. ரயில், பேருந்து, ஏரிப்படகு எல்லாவற்றுக்கும் செல்லும். பெற்றோர் பாஸ் எடுத்துக் குடும்ப அட்டையும் கேட்டு வாங்கினால், 6 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பயணம் இலவசம். பெரிய குடும்பத்துக்கு இதைவிட நல்ல பாஸ் காண்பது அரிது. ஆயினும் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராயோக் நிலையத்துக்கு, 1912இல் திறந்த அந்தப் புகழ்பெற்ற மலை ரயிலில் ஏறப் பாஸ் மட்டும் போதாது; கழிவு கிடைக்கும், மீதியைக் கையிலிருந்து கட்டவேண்டும். பாஸுக்குப் பேர்போன நாட்டிலேயே மலையின் உச்சி தனிக்கணக்கு என்றால், மற்ற இடங்களில் கேட்கவா வேண்டும்?

தமிழ்நாட்டில் ஊட்டி ரயில் இன்னொரு மாதிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் பாதை. செங்குத்தான பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஒன்று இருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். மேலே போக ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இறங்க மூன்றரை மணி நேரம். 2005இல் அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தார்கள். அங்கே சீட்டின் விலை பெரிய சுமை இல்லை. இடம் கிடைப்பதுதான் கடினம். பாஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதைவிட, முன்கூட்டியே இடம் பதிவு செய்வதே அங்கே புத்திசாலித்தனம்.

இதிலிருந்து இன்னோர் உண்மையும் விளங்கும். பாஸ் வேறு, இருக்கை வேறு. பாஸ் கையில் இருந்தும் வண்டியில் இடம் இல்லை என்று சொல்லப்படும் நாடுகள் உண்டு. நம் ஈடிஎஸ் வண்டியில் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட இருக்கை. பள்ளி விடுமுறை, தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டுக் காலங்களில் இருக்கைகள் வெகுவிரைவில் தீர்ந்துவிடும். போகும் சீட்டையும் திரும்பும் சீட்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள். போகும் சீட்டை மட்டும் எடுத்துவிட்டு, வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், விடுப்பு முடிகின்ற நாளில் பட்டர்வொர்த் நிலையத்தில் உட்கார்ந்திருக்க நேரும். மறுநாள் பிரட்டுக்குப் போகாதவருக்கு அன்றைய கூலியும் போகும். அந்தக் கூலியும் பயணச் செலவில் சேர்ந்ததுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி, வயதும் அடையாள அட்டையும். ஒரே குடும்பத்தில் ஐந்து பேருக்கும் ஒரே கட்டணம் என்பது அரிது. குழந்தைக்கு ஒரு விலை, பெரியவருக்கு ஒரு விலை. மலேசியக் குடிமக்களில் 60 வயதை எட்டியவர்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. உடற்குறை உள்ளவர்களுக்கும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். எந்த வயது வரை குழந்தை என்பது ஒவ்வொரு வண்டிக்கும் வேறாக இருக்கும். ஆகவே தாளில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வயதை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக விசாரியுங்கள். பெரியவர்களின் மைகாட், பிள்ளைகளின் மைகிட் எல்லாம் ஒரே பையில், அம்மாவின் பொறுப்பில் இருக்கட்டும்.

இதில் ஒன்றை மனவருத்தத்தோடுதான் சொல்கிறேன். இந்த மண்ணிலேயே பிறந்து, வாழ்நாள் முழுவதும் இங்கேயே உழைத்தும், இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் தாத்தா பாட்டிகள் நம் தோட்டங்களில் உண்டு. குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் பாஸும் சலுகையும் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். முகப்பில் நின்று, பேரப்பிள்ளைகள் பார்க்க, உங்களுக்கு இந்த விலை கிடையாது என்று அந்த வயதில் ஒருவர் கேட்க நேர்ந்தால் மனம் எவ்வளவு வேதனைப்படும்? வீட்டில் யாருக்காவது சிவப்பு அட்டை இருந்தால், அவருக்கு என்ன கட்டணம் என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தத் தொகையை ஓசையில்லாமல் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அவர் அறியவே வேண்டாம். குடியுரிமைக்கு மனுச் செய்வது வேறு வேலை; அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கொடிமலை தொலைவு என்று நினைப்பவர்களுக்கு வேறு மலைகளும் உண்டு. ஆனால் ரயில் அவற்றின் அடிவாரத்தோடு நின்றுவிடும். கேமரன் மலைக்கு ரயில் பாதை கிடையாது. தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகத்தான் மேலே போகவேண்டும். பிரேசர் மலைக்கு அருகிலுள்ள நிலையம் கோலகுபு பாரு. கிள்ளானிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் கொமியூட்டர் பாதையிலேயே அது இருக்கிறது. அங்கிருந்தும் வாடகை வண்டிதான். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும்போது மொத்தச் செலவில் ரயிலின் பங்கு சிறியது, சாலையின் பங்கு பெரியது. ரயிலுக்குப் பாஸ் தேடி மிச்சம் பிடிப்பதைவிட, பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வேனைப் பேசிக்கொள்வது பலமடங்கு மிச்சம் தரும். எந்த வரியில் தொகை பெரிதாக இருக்கிறதோ அந்த வரியைக் குறைக்கத்தான் முதலில் மூளையைச் செலவிடவேண்டும்.

அப்படியானால் பாஸ் எப்போதுமே வேண்டாமா? வேண்டும், சில குடும்பங்களுக்கு வேண்டும். ஒரே இடத்தில் தங்கி, தினமும் ரயிலில் வெவ்வேறு ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்குப் பாஸ் நல்லது. பிள்ளைகளுக்கு இலவசம் தரும் பாஸ் நல்லது. ஒவ்வொரு தடவையும் முகப்பில் நின்று, பழக்கமில்லாத மொழியில் சீட்டுக் கேட்க முடியாத நாட்டில், பத்து இருபது வெள்ளி கூடுதலானாலும் நிம்மதிக்காகப் பாஸ் எடுப்பதிலும் தவறில்லை. நிம்மதிக்கும் விலை உண்டு. ஆனால் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவேண்டும். மலிவு என்று நம்பிக்கொண்டு கொடுக்கக்கூடாது.

கைப்பேசியில் இப்போது விளம்பரங்கள் ஓயாமல் வருகின்றன. அளவில்லாப் பயணம் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அளவில்லாப் பயணம் செய்ய நமக்கு அளவில்லா விடுப்பு இருக்கிறதா? நான்கு நாள்தானே! நம் விடுப்புக்கு அளவு இருக்கும்போது, அளவில்லாததை வாங்கி வைத்து என்ன செய்வது?

நேயர்களே, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணத்தை வரி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இன்றைய கட்டணத்தை, வயது வாரியாக, விசாரித்துப் போடுங்கள். பாஸ் எந்த வரிகளுக்குச் செல்லும் என்று பார்த்து அவற்றை மட்டும் கூட்டுங்கள். அந்தத் தொகை பாஸின் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் பாஸ் வாங்குங்கள். இல்லாவிட்டால் சீட்டு வாங்குங்கள். மலைமேல் ஏற்றும் ரயிலைத் தனி வரியாகப் போட மறந்துவிடாதீர்கள். முழுத்தொகையையும் இன்னும் எத்தனை சம்பளம் இருக்கிறதோ அத்தனையால் வகுத்து, மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். சேர்ந்த பிறகு புறப்படுங்கள். கடன் வாங்கிப் புறப்படாதீர்கள். இந்த விடுமுறைக்குச் சேரவில்லையா? அடுத்த விடுமுறை வரட்டும். மலை அங்கேயேதான் இருக்கும்.

இந்தக் கணக்கை உங்கள் பிள்ளையைப் போடச் சொல்லுங்கள் என்பது ஓர் ஆசிரியரின் வேண்டுகோள். பாடப்புத்தகத்தில் யாரோ ஒருவர் வாங்கிய மாம்பழத்தைக் கூட்டிக் கழித்த பிள்ளை, தன் பாட்டியின் சீட்டு விலையைத் தானே கூட்டும்போது கணக்கு எதற்கு என்று ஒருநாளும் கேட்காது.

நலமாகச் சென்று, கடனில்லாமல் திரும்பி வாருங்கள்.